ஆறு மில்லிமீட்டரில் காற்று

நவம்பர் 6, திங்கள்

ஆறரை சதவீதம். நான் கணக்கிட்ட காற்றுக்கும் பூனாவில் அளந்த காற்றுக்கும் நடுவே அவ்வளவு வித்தியாசம்.

தூக்கம் சரியில்லை என்று போனதற்கு டாக்டரம்மா, "மனசுல என்ன ஓடுதோ அத தினமும் எழுதுங்க, மாத்திரை அப்புறம் பாக்கலாம்" என்றார். என் மனசில் ஓடுவது இதுதான். எனவே இதையே எழுதுகிறேன்.

எஞ்சினும் மூச்சு இழுக்கிறது. வால்வு திறந்ததும் வெளிக்காற்று ஒரு வளைந்த பாதை வழியாக சிலிண்டருக்குள் பாய்கிறது. அந்தப் பாதைக்கு இன்டேக் போர்ட் என்று பெயர். அதன் வளைவு கோணலாகிவிட்டால் காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரியும், வண்டி புகை கக்கும். இரும்பை வார்ப்பதற்கு முன்பே காற்று எப்படிப் போகும் என்று கம்ப்யூட்டரில் கணித்துச் சொல்வது என் வேலை. ஓசூருக்கு வந்ததிலிருந்து இதைத்தான் செய்கிறேன். பூனாவில் உள்ள எங்கள் சோதனைக் கூடத்தில் இந்தப் பாதை உள்ள எஞ்சின் மேல்பாகமான ஹெட்டின் மாதிரியைக் காற்றிழுக்கும் ப்ளோயரில் மாட்டி, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, நிஜக் காற்றை இழுத்து அளப்பார்கள். நாலு மில்லிமீட்டர் திறப்பு வரை என் கணக்கும் அவர்கள் அளவும் ஒன்றாகப் போகின்றன. ஆறாவதில் பிரிந்துவிடுகின்றன. ஏழிலிருந்து மறுபடி சேர்ந்துவிடுகின்றன.

எங்கள் மேலாளர் நாகபூஷண் சார் கன்னடக்காரர். தமிழை அன்பாக, கன்னடம் கலந்து பேசுவார். "பூங்கோதை, ஒரு கரெக்‌ஷன் ஃபேக்டர் போட்டு முடிச்சிடும்மா. எல்லா கம்பெனியிலயும் அதேதான் மாடுறது" என்றார். அதாவது என் விடையை ஒரு எண்ணால் பெருக்கி அளவோடு பொருத்திவிட வேண்டும். ஏன் தப்பு என்று தெரியாமல் தப்பைத் திருத்துவது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஜனவரி பன்னிரண்டாம் தேதி வரைபடம் அச்சு வெட்டுகிறவர்களிடம் போயாக வேண்டும். அதற்குள் காரணத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பூனாவில் அளப்பவரிடம் இன்று முதல்முறை போனில் பேசினேன். இசக்கிமுத்து என்று பெயர். இஞ்சினியர், திருநெல்வேலிப் பக்கம். அளவில் பிழை இருக்குமா என்று கேட்டேன்.

"ஒழுகல் இருக்கான்னு ரெண்டு தடவ பாத்துட்டேன் மேடம். இங்கன ஒண்ணும் இல்ல. ஒங்க கம்ப்யூட்டரயும் ஒருக்கா திட்டிப் பாருங்களேன்."

கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

நவம்பர் 9, வியாழன்

கம்ப்யூட்டர் காற்றை முழுதாகப் பார்க்காது. இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றிலும் கணக்குப் போடும். வால்வைச் சுற்றியும் சுவரை ஒட்டியும் கட்டங்களை இன்னும் பொடியாக்கினேன். கணக்கு முடிய இரண்டு நாள் ஆனது. ஆறரை, ஆறேகால் ஆயிற்று.

தண்ணி லாரி வரவில்லை. கீழ்வீட்டில் இரண்டு குடம் வாங்கிச் சமைத்தேன்.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

தர்மபுரி. அம்மா அதிரசம் சுட்டு வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும், எனக்குப் பார்த்திருக்கும் சேலத்துக்காரர் பேச்சு. பேங்கில் வேலை, மனைவி இறந்துவிட்டாராம், பிள்ளை இல்லையாம்.

"மொதக் கல்யாணம் மாதிரி ஆவாது கோதை. விசாரிச்சிட்டேன். தண்ணி கிண்ணி எதுவும் கெடையாது."

"வேலை இருக்கும்மா. ஜனவரி தாண்டட்டும்."

"அந்தக் காத்து வேலைதான? அது ஓடிப்போயிடுமா?"

 சாயங்காலம் பூனாவிலிருந்து ஒரு படம் வந்தது. நீல நிறத்தில் வளைந்த ரப்பர் துண்டு. போர்ட்டுக்குள் சிலிக்கோனை ஊற்றி, இறுகிய பின் உருவி எடுத்திருக்கிறார். "வரைபடத்துல இருக்கிறதும் வார்ப்புல இருக்கிறதும் ஒண்ணுதானான்னு பாப்போம்" என்று கீழே எழுதியிருந்தார். தீபாவளியன்று வேலைக்குப் போயிருக்கிறார். குடும்பத்தோடு இருக்கக் கூடாதா? ஆண்கள் எல்லோரும் இப்படித்தான். வாழ்த்து அனுப்பினேன். அம்மா, "யாருடி?" என்றாள். ஆபீஸ் என்றேன்.

நவம்பர் 16, வியாழன்

இசக்கிமுத்துவுக்கு மெயில் எழுதப் பிடிக்காது போல. எதுவானாலும் அஞ்சு மணிக்கு மேல் கூப்பிடுகிறார். அதற்குள் ப்ளோயரை அணைத்துவிடுவார்களாம். எண்களைப் போனில் சொல்லும்போது ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்கிறார். எழுதிக்கொள்ள வசதியாக இருக்கிறது.

நவம்பர் 24, வெள்ளி

ரப்பர் அச்சை ஸ்கேன் செய்து அனுப்பினார். அவர் சந்தேகப்பட்டது சரி. வளைவின் உள்பக்கத்தில், காற்று திரும்பும் குறுகலான மூலையில், வார்ப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடித்துவிட்டது. நான் இத்தனை நாள் வரைபடத்தில் உள்ள போர்ட்டைக் கணித்துக்கொண்டிருந்தேன். அவர் அளந்தது வேறொரு போர்ட். ஸ்கேன் செய்த வடிவத்தைப் போட்டு ஓட்டியதும் பிழை மூன்றரைக்கு இறங்கிவிட்டது.

"பாதி வந்துட்டு மேடம்!" என்றார். பின்னால் யாரோ மராத்தியில் ஏதோ கேட்க, அவர் இந்தியில் பதில் சொன்னார். "என்ன கேக்காங்கன்னா, ஏன் இப்படிச் சிரிக்கேன்னு."

"என்ன சொன்னீங்க?"

"காத்து கெடச்சிட்டுன்னு சொன்னேன்."

நாகபூஷண் சாருக்கு மகிழ்ச்சி. மூன்றரை போதும், மீதிக்கு ஃபேக்டர் போடு என்கிறார். வேண்டாம் என்றேன். மீதியில்தான் ஏதோ இருக்கிறது.

வரும் வழியில் ரோஜாக் கட்டு ஒன்று வாங்கினேன். இந்த ஊரில் ரோஜா மலிவு. காரணம் ஒன்றுமில்லை.

டிசம்பர் 1, வெள்ளி

இன்று ஒன்று தோன்றியது. ஆறு மில்லிமீட்டரில் மட்டும் என் கணக்கு எப்போதும் அடம்பிடிக்கும். விடை ஓரிடத்தில் நிற்காமல் ஆடும். நான் அதை அழுத்திப் பிடித்து நிற்க வைத்துவிடுவேன். அதற்கு முறைகள் உண்டு. எல்லோரும் செய்வதுதான். ஆட்டத்தைக் கணக்கின் கோளாறு என்றே நினைத்திருந்தேன். ஒருவேளை அது காற்றின் குணமாக இருந்தால்?

அஞ்சு மணிக்குக் காத்திராமல் நானே கூப்பிட்டேன்.

"ஆறு மில்லிமீட்டர்ல உங்க மீட்டர் முள் அசையாம நிக்குதா?"

 "நிக்காது. கொஞ்சம் மேல இருக்கும், பொறவு எறங்கும், திரும்ப ஏறும். சராசரி எடுத்து அனுப்புதேன். ஏன் கேக்கீங்க?"

காரணத்தைச் சொன்னேன். அவர் உடனே ப்ளோயரை ஓட்டி, போனை மீட்டருக்குப் பக்கத்தில் பிடித்து வீடியோவில் காட்டினார். முள் நிற்கவில்லை. ஒரு இடத்தில் தங்குகிறது, விலகுகிறது, மறுபடி வருகிறது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் அவர் முகம் ஒரு கணம் தெரிந்தது. காதோரம் நரை.

பிறகு ஏதோ பேச்சில், "வீட்ல தேடமாட்டாங்களா, இவ்வளவு நேரம் இருக்கீங்களே?" என்று கேட்டுவிட்டேன்.

"வீட்ல யாரு இருக்கா மேடம். அவ போயி நாலு வருசம் ஆச்சு. மஞ்சக்காமாலை. மவ எங்க தங்கச்சிகிட்ட ஊர்ல வளருதா."

 நானும் தனியாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னேன். அதை எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 6, புதன்

காற்று ஆடுகிறது என்றால் கணக்கும் நேரத்தோடு ஓட வேண்டும். ஒரே விடையைத் தேடாமல், நொடியைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் காற்று எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குக் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர் முழுவதும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். மீட்டிங்கில் கேட்டேன். அதே கம்ப்யூட்டரில் வேலை செய்யும் வண்டி மோதல் சோதனைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நாகபூஷண் சார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வருஷக் கடைசில ஃபேக்டரி மூடுறாங்கல்ல? அப்ப மெஷின் சும்மாதானே நிக்கும்? எடுத்துக்கோ" என்றார். நல்ல மனிதர்.

அதாவது இருபத்து மூன்றாம் தேதி வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் இசக்கிமுத்து தினமும் கூப்பிடுகிறார். ஏழு மில்லிமீட்டரில் ஒருமுறை பார்த்தேன், எட்டில் பார்த்தேன் என்கிறார். அவையெல்லாம் ஏற்கெனவே பொருந்திய இடங்கள். சொல்லவில்லை. அளவு எவ்வளவு இருந்தாலும் நல்லதுதானே.

டிசம்பர் 11, திங்கள்

இன்று பேசியவை: ஓசூர்க் குளிர். பூனாவில் கிடைக்காத கருவாடு. அவர் மகள் வேணிக்குக் கணக்கு வராது, நீச்சல் வரும். என் மாவு புளிக்காத கதை. வெந்நீர் ஊற்றி அரைக்கச் சொன்னார்.

காற்றைப் பற்றி நேரமில்லாமல் போய்விட்டது.

டிசம்பர் 17, ஞாயிறு

தெற்கே பெருமழை என்று டிவியில் சொல்கிறார்கள். துணி துவைத்தேன்.

டிசம்பர் 18, திங்கள்

காலையிலேயே போன். இசக்கிமுத்து. முதலில் வெறும் மூச்சு.

"மேடம், ஒங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம் யாரையும் தெரியுமா? தங்கச்சி வீட்டுக்கு லைன் போகமாட்டேங்கு. ஊர் ஸ்ரீவைகுண்டம் தாண்டி, ஆத்தங்கரை. நேத்து ராத்திரி வேணி பேசுனா, வாசல்ல தண்ணி வந்துட்டுன்னா. அதுக்குப் பொறவு ஒண்ணும் இல்ல. ரயிலும் இல்ல."

அவர் குரலை அப்படிக் கேட்டதில்லை. ஊர்ப் பெயர், தெருப் பெயர், தங்கை பேச்சியம்மாளின் பெயர், வீட்டின் அடையாளம் எல்லாம் எழுதிக்கொண்டேன். லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்தேன். கட்டுப்பாட்டு அறை எண்கள் கிடைக்கவில்லை. என்னோடு படித்த ஜெபசெல்வி தூத்துக்குடியில் இருக்கிறாள், அவள் போன் செத்திருந்தது. அவள் அண்ணனை மதுரையில் பிடித்தேன். அவர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். நூற்றுக்கணக்கில் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் யாரோ யாரையோ தேடுவது. நானும் போட்டேன். பேச்சியம்மாள், வேணி, வயது ஒன்பது.

அவருக்கு மணிக்கொருமுறை சொன்னேன். சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் சொன்னேன்.

டிசம்பர் 19, செவ்வாய்

தகவல் இல்லை.

டிசம்பர் 20, புதன்

மத்தியானம் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. படகு கொண்டுபோன மீனவர் ஒருவர் தன் போனில் பிடித்து அனுப்பியது. முதலில் அவர் குரல்: "பள்ளிக்கூட மாடில நாப்பது பேரு இருக்காவ. எல்லாரும் உசுரோட இருக்காவ. இந்தப் புள்ள பேசுதா." பிறகு ஒரு சின்னக் குரல்: "அப்பா, நான் நல்லாருக்கேன். அத்தைக்குக் கால்ல அடி. ஆடு போயிட்டு. நீ வாப்பா."

அந்தக் குழந்தையின் குரலை அவள் அப்பாவுக்கு முன்னால் நான் கேட்டேன். அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். அவர் எடுத்தார். அழுகிறார் என்று தெரிந்தது. நான் போனை வைக்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தோம்.

கடைசியில், "நீங்க இல்லன்னா..." என்றார். 

சாயங்காலம் மதுரை வரை பஸ், அங்கிருந்து கிடைத்ததில் ஏறிப் போகிறேன் என்று செய்தி.

டிசம்பர் 23, சனி

ஃபேக்டரி மூடிவிட்டது. கணக்கை ஓடவிட்டேன். கம்ப்யூட்டர் அறையின் ஏசி சத்தத்தைத் தவிர வளாகத்தில் ஒன்றுமில்லை. செக்யூரிட்டி, "நீங்க ஊருக்குப் போவலீங்களா மேடம்?" என்றார்.

முப்பத்தொன்றாம் தேதி சேலத்துக்காரர் பெண் பார்க்க வருவதாக அம்மா சொன்னாள். கணக்கு நடுவில் நின்றுபோனால் திரும்ப ஓட்ட ஆள் வேண்டும், வர முடியாது என்றேன். அது உண்மைதான். அம்மா போனை வைத்துவிட்டாள்.

டிசம்பர் 28, வியாழன்

இசக்கிமுத்து பூனா திரும்பிவிட்டார். வீட்டுச் சுவரில் சேறு நின்ற உயரத்தைக் காட்டிப் படம் அனுப்பியிருந்தார். பக்கத்தில் வேணி நிற்கிறாள். கோடு அவள் தலைக்கு மேலே இருக்கிறது.

"அவள விட்டுட்டு இனி இருக்க முடியாது" என்றார். "நாகர்கோவில் பக்கம் ஒரு இஞ்சினியரிங் காலேஜ்ல எடம் இருக்காம். பொங்கலுக்குள்ள வந்து சேரச் சொல்லுதாங்க. இங்க மேனேஜர், இந்த ஹெட்டு கணக்கு ஒத்து ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டாத்தான் விடுவேன்னுட்டாரு."

"அப்ப கணக்கு ஒத்துட்டா கெளம்பிடுவீங்க."

"ஆமா."

நல்ல முடிவு என்று சொன்னேன். குழந்தைக்கு அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும். அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது.

இன்று அவர் ஒரு தடவைகூட மேடம் என்று சொல்லவில்லை. களைப்பு போலிருக்கிறது.

ஜனவரி 2, செவ்வாய்

கணக்கு ஓடுகிறது. பாதி தாண்டிவிட்டது. மெதுவாகத்தான் ஓடும், அதன் இயல்பு அப்படி. மோதல் சோதனைக்காரர்கள் மெஷின் கேட்டு வந்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் என்று நாகபூஷண் சார் சண்டை போட்டு வாங்கினார்.

அம்மா பேசவில்லை.

ஜனவரி 5, வெள்ளி

"எப்படி ஓடுது?" என்று இசக்கிமுத்து கேட்டார்.

"ஓடுது."

"ஒத்து வருமா?"

"தெரியல. வராமலும் போகலாம்."

"வரணும்லா" என்றார். சொன்ன விதத்தில் பெரிய ஆசை இருந்த மாதிரி தெரியவில்லை. எனக்கு அப்படிக் கேட்டிருக்கலாம்.

ஜனவரி 9, செவ்வாய்

காலையில் போனதும் பார்த்தேன். முடிந்திருந்தது.

படமாக ஓடவிட்டேன். ஆறு மில்லிமீட்டரில் காற்று அந்தக் குறுகலான மூலையைத் தழுவியபடி திரும்புகிறது. சற்று நேரம் அப்படியே போகிறது. பிறகு பிடி விட்டு, சுவரைப் பிரிந்து, நடுவே பாய்கிறது. மறுபடி வந்து ஒட்டிக்கொள்கிறது. நான் இத்தனை நாளும் ஒட்டியிருக்கும் நிலையை மட்டுமே விடையாகப் பிடித்து வைத்திருந்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் பூனா அளவோடு வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

கண்டுபிடித்துவிட்டேன்.

கேன்டீனுக்குப் போய் டீ குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தேன். ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது, நேரத்தை இன்னும் பொடியாக நறுக்கி, கடைசிப் பகுதியை மட்டும் மறுபடி ஓட்டினால் இன்னும் உறுதியாகும். அதற்கு எட்டு நாள் ஆகும். பொங்கல் தாண்டிவிடும். காலேஜ்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். அப்படி ஓட்ட வேண்டும் என்று சொன்னால் யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். நாகபூஷண் சார்கூட சரி என்றுதான் சொல்வார்.

அந்த வீட்டுச் சுவரின் படத்தை எடுத்துப் பார்த்தேன். சேற்றுக் கோட்டின் கீழே நிற்கும் குழந்தை.

தேவையில்லை. விடை சரி. எனக்குத் தெரியும்.

மத்தியானத்துக்குள் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன். இசக்கிமுத்து உடனே கூப்பிட்டார். இன்னும் அஞ்சு மணி ஆகவில்லை.

"ஒத்துட்டு" என்றார்.

"ஆமா. ஒத்துடுச்சு."

"நீங்க சொன்னது அப்படியே... முள்ளு ஏன் ஆடுதுன்னு நான் எத்தன வருசமா..." நிறுத்திக்கொண்டார். "வாழ்த்துகள்."

"உங்களுக்கும்" என்றேன். "ஊருக்கு டிக்கெட் போட்டுடுங்க. பொங்கல் நெருக்கம், கெடைக்காது."

ஜனவரி 12, வெள்ளி

மூன்று நாளாக வளைவைத் திருத்தினோம். உள்மூலையைச் சற்று அகலமாக்கி, காற்று பிடி விடாமல் திரும்பும்படி செய்தாயிற்று. மாலை நாலு மணிக்கு வரைபடம் போனது. நாகபூஷண் சார் ஸ்வீட் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ஃபேக்டர் இல்லாமல் முதல்முறையாக ஒரு போர்ட் அச்சுக்குப் போகிறது என்றார். சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே.

அஞ்சு மணிக்கு இசக்கிமுத்து கூப்பிட்டார். சாவிகளை ஒப்படைத்துவிட்டாராம்.

"அப்போ... போயிட்டு வாரேன்."

"வாங்க" என்றேன். அப்படிச் சொல்வதுதான் வழக்கம்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

தர்மபுரி. அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள். சேலத்துக்காரருக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டதாம். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்துத் தட்டில் சர்க்கரைப் பொங்கலை இன்னும் வைத்தாள்.

இசக்கிமுத்துவிடமிருந்து பொதுவான ஒரு வாழ்த்துப் படம். கரும்பு, பானை, சூரியன். எல்லோருக்கும் அனுப்பியிருப்பார்.

ஜனவரி 22, திங்கள்

பூனாவில் புது ஆள் சேர்ந்திருக்கிறான். கெட்டிக்காரன். எண்களை எக்ஸெலில் போட்டு, வண்ணம் தீட்டி, மெயிலில் அனுப்பிவிடுகிறான். போனே தேவைப்படவில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

அஞ்சு மணிக்கு மேல் ஆபீஸில் இருக்க ஒரு காரணமும் இல்லை. சீக்கிரம் வந்துவிட்டேன். கேஸ் தீர்ந்திருந்தது.

பிப்ரவரி 8, வியாழன்

டாக்டரம்மாவிடம் போனேன். எழுதுகிறீர்களா என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். தூக்கம்? இல்லை என்றேன். "எல்லாத்தையும் எழுதறீங்களா?" என்றார்.

பிப்ரவரி 19, திங்கள்

புது வடிவத்தில் வார்த்த முதல் மாதிரி பூனாவுக்குப் போய் அளவு வந்துவிட்டது. எல்லாத் திறப்பிலும் என் கணக்கோடு ஒத்துப் போகிறது. ஆறு மில்லிமீட்டரில் முள் அசையவில்லை என்று புது ஆள் ஒரு வரி எழுதியிருந்தான். அவனுக்கு அது ஒரு தகவல். அது என்னவென்று தெரிந்த இன்னொருவர் இருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, நாற்காலியைச் சன்னலோரம் போட்டுக்கொண்டு கூப்பிட்டேன்.

எடுத்தது குழந்தை. "ஹலோ, யாரு?"

"நான் ஓசூர்லேருந்து பேசறேன். பூங்கோதை."

"ஓசூர் அத்தையா!" அவ்வளவு சத்தமாக யாரும் என்னை வரவேற்றதில்லை. "அப்பா சொல்லிருக்காவ. நீங்கதான படகு அனுப்புனிய?"

"நான் அனுப்பலம்மா. உன் பேரை மட்டும் சொன்னேன்."

"அப்பா கொல்லைல நிக்காவ. இருங்க." ஓடும் காலடி. "யப்பா! ஓசூர் அத்தை!"

அவர் வந்து எடுக்கும் வரை ஒரு சேவல் கூவியது, பாத்திரம் உருண்டது, யாரோ பெண் குரல் யாரது என்று கேட்டது. அது பேச்சியம்மாளாக இருக்கும்.

"சொல்லுங்க" என்றார். மூச்சு வாங்கியது.

புது மாதிரியைப் பற்றிச் சொன்னேன். எண்களை ஒவ்வொன்றாக, இரண்டு தடவை சொன்னேன். ஆறு மில்லிமீட்டரில் முள் அசையவில்லை என்று சொன்னேன். அவர் உம் கொட்டிக் கேட்டார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு சொல்வதற்கு மிச்சமில்லை.

"ரொம்பச் சந்தோசம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அதுக்குத்தான் கூப்பிட்டியளா?"

ஆமாம் என்ற சொல் வாய்வரை வந்தது.

"இல்லைங்க" என்றேன்.

அதன்பிறகு நான் சொன்னதையும் அவர் சொன்னதையும் எழுதப் போவதில்லை. அழுதேன் என்று மட்டும் எழுதுகிறேன். இந்த முறை அவர் போனை வைக்காமல் காத்திருந்தார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். முழுதும் கேட்டாள். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு எத்தன வயசு?" என்றாள். ஒன்பது என்றேன். "வெறுங்கையோட போவாத. ஒரு கவுனு எடுத்துட்டுப் போ" என்றாள்.

வெள்ளிக்கிழமை நாகர்கோவில் வண்டிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். வெயிட்டிங் லிஸ்ட். கிடைக்காவிட்டால் பஸ்ஸில் போவேன்.